தடுமாறும் மாணவிக்கு சிஸ்டர் துணை, சிஸ்டருக்கு யார் துணை?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நர்சிங் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூரிலிருந்து வந்திருக்கும் டியூட்டர்களே, நைட் டூட்டி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வார்டு சிஸ்டர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஊர் இது. வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளில் தடுமாறுகிறவர்களைப் பற்றி மூன்று செய்திகள்: சீக்கிரம் கண்டுகொள்வது, எழுதிவைப்பது, சிஸ்டருக்கு நேரம் கொடுப்பது. வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள்.

ஒரு இரண்டாமாண்டு மாணவி. 500 மில்லி சலைன், எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்து, 500-ஐ 20-ஆல் பெருக்கி, 480 நிமிடத்தால் வகுத்தாள். நிமிடத்துக்கு 21 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்து எண்ணியும் வைத்தாள். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால், பாதி இறங்கியிருக்க வேண்டிய பாட்டில் ஏறக்குறைய அப்படியே தொங்குகிறது! "கணக்குகூடத் தெரியாதா?" என்று நோயாளியின் வீட்டார் முன்னாலேயே கேட்டாகிவிட்டது. பிள்ளை அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். பிறகு இன்னொரு சிஸ்டர், "முதலிலிருந்து செய்துகாட்டு கண்ணு" என்றார். அவள் எடுத்தது மைக்ரோ செட், அதாவது சிறுசிறு சொட்டாக விடும் சலைன் குழாய். அதில் மில்லிக்கு 60 சொட்டு. 21 சொட்டு வைத்தால் மணிக்கு 21 மில்லிதான் இறங்கும். பாட்டில் தீர ஒரு நாள் ஆகும். கணக்கு அவளுக்கு நன்றாகவே தெரியும். செட்டின் கவரைப் படிக்கும் பழக்கம்தான் இல்லை.

ஆகவே "கவனம் போதாது" என்று எழுதிப் பயனில்லை. தேதி, நேரம், கண்ணால் பார்த்தது, அவள் சொன்ன விளக்கம், ஐந்து நாளுக்குள் யார் முன்னால் எதைச் செய்துகாட்ட வேண்டும், இவ்வளவும் எழுதுங்கள். அன்றைக்கே தனியாக அழைத்துப் பேசுங்கள், டியூட்டருக்கும் சொல்லுங்கள். போஸ்டிங்கின், அதாவது வார்டுப் பயிற்சிக் காலத்தின், கடைசி நாளில் சொன்னால் திருத்திக்கொள்ள அவளுக்கு நாளில்லை, ஃபெயில் போட நம்மிடம் ஆதாரமில்லை. பாவம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஸ்காட்லாந்தில் நர்சிங் ஆய்வாளர் கேத்லீன் டஃபி 2003-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். வெள்ளம் வருமுன் அணை!

ஆனால் அணை போட ஆளுக்கு நேரம் வேண்டாமா? சிஸ்டருக்கு ஒரு கையில் மருந்து டிரே, பின்னால் மாணவிகள், எதிரில் ரவுண்ட்ஸ். இதில் எப்போது எழுதுவார், எப்போது பேசுவார்? காலை டூட்டியும் மதிய டூட்டியும் சேர்ந்திருக்கும் வேளையில், மாணவிகளுக்குப் பொறுப்பான சிஸ்டருக்கு வாரம் இருமுறை அரை மணி ஒதுக்கி, டூட்டி லிஸ்டிலேயே பேர் போட்டு எழுத வேண்டும். அந்த அரை மணியில் வார்டு வேறொருவர் பொறுப்பு. ஃபெயில் என்று முடிவானால் டியூட்டரும் கூடவே கையெழுத்திட வேண்டும்.

கண்காணிப்பாளர் அம்மா, அடுத்த மாத லிஸ்ட் இன்னும் போடவில்லை என்று அறிகிறேன். அதிலேயே தொடங்கிவிடலாம்.