பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ஒரு கண்ணீர் விளம்பரத்தின் கதை

[காட்சி: அகன்ற ஆற்றில் தனியே வரும் சிறு படகு]

1971ஆம் ஆண்டு ஏப்ரல் 22, புவி நாளன்று, அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிமிட விளம்பரம் ஒளிபரப்பானது. அந்நாட்டுப் பூர்வகுடிகளின் உடையணிந்த ஒருவர் துடுப்பு வலித்து வருகிறார். தெளிந்த நீரில் மெல்ல மெல்லக் குப்பை மிதக்கத் தொடங்குகிறது. ஆலைப் புகை சூழ்கிறது. அவர் கரையேறி நெடுஞ்சாலையோரம் நிற்கும்போது, ஓடும் காரிலிருந்து எவரோ வீசிய உணவுப் பொட்டலம் அவர் காலடியில் விழுந்து சிதறுகிறது.

[காட்சி: முகம் மட்டும்]

கேமரா நெருங்குகிறது. ஒரு துளி கண்ணீர் கன்னத்தில் இறங்குகிறது. மாசைத் தொடங்குவோர் மக்களே, அதை நிறுத்தக்கூடியவர்களும் மக்களே என்கிறது பின்னணிக் குரல்.

அந்தக் காரில் நாம் இல்லை. ஆயினும் நெஞ்சு உறுத்துகிறது. அச்சம் நம்மை விலகி ஓடச் செய்யும் என்றால், குற்ற உணர்வோ செய்த தவற்றுக்கு ஈடு செய்யத் தூண்டும். ஆகவேதான் இத்தகைய விளம்பரங்கள் பாவத்தைக் காட்டிய கையோடு பரிகாரத்தையும் நீட்டிவிடுகின்றன. பிள்ளை மெலிந்திருப்பதைத் தாயின் கவனக்குறைவாகக் காட்டி, அடுத்த நொடியே ஊட்டச்சத்து மாவு டப்பாவைக் காட்டும் விளம்பரங்களிலும் இதே வித்தைதான்.

இனி, இந்த விளம்பரத்தை வெளியிட்டவர்களைப் பார்ப்போம். 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அந்த அமைப்பு 1953இல் தொடங்கப்பட்டபோது, தகர டப்பாக்களையும் கண்ணாடிப் பாட்டில்களையும் தயாரிக்கும் நிறுவனங்கள் அதன் முன்னணியில் நின்றன. அதுவரை அங்கும் குளிர்பானப் பாட்டிலுக்கு முன்பணம் கட்டி, காலிப் பாட்டிலைக் கடையில் கொடுத்து அதைத் திரும்பப் பெறுவதே பெருவழக்காக இருந்தது. குடித்ததும் எறியும் டப்பாக்களையும் பாட்டில்களையும் பரப்பி அந்த வழக்கத்தைக் குலைத்தவை அந்தத் தொழில் நிறுவனங்களே. விளம்பரம் வெளியான அதே 1971இல் ஓரிகன் மாநிலம் முன்பணத்தைச் சட்டமாக்கியது. பிற மாநிலங்களிலும் அத்தகைய சட்டங்கள் பேசப்பட்டபோது இந்த அமைப்பு எதிர்த்தது. குப்பையை எறிந்த கை திரையில் தெரிந்தது. எறியவே உருவாக்கப்பட்ட டப்பாவின் தொழிற்சாலை தெரியவில்லை.

சாலையில் குப்பை வீசுவது தவறுதான். அதற்காக மனம் உறுத்துவது நல்ல மனிதருக்கு அழகு. அந்த உண்மையான உறுத்தலையே திரையாக்கி, அதன் பின்னால் பெரிய பொறுப்பொன்றை மறைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணீர் விட்டவரான அயர்ன் ஐஸ் கோடி பூர்வகுடியும் அல்லர்; இத்தாலிய வம்சாவளியினர். 2023இல் விளம்பரத்தின் உரிமை அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசியப் பேரவையிடம் வந்தது. அவர்கள் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள்.

[காட்சி: மலைப்பாதை, காலிப் பாட்டில்கள்]

காட்டில் உடைந்து கிடக்கும் மதுப் பாட்டில்கள் யானைகளின் கால்களைக் கிழித்ததால், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022இல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. ஓரிகனில் 1971இல் சட்டமானதும் இதே முன்பணம்தான்.