மெஷின் போட்டுத் தூங்கினால் காலையில் வாய் நாறுகிறதா?

வணக்கம். கூச்சத்தால் நான் நாலு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை இன்றைக்குப் பேசப் போகிறேன். இதோ, கையில் வைத்திருப்பது என் சிபாப் மாஸ்க். தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க ராத்திரி முழுக்கக் காற்று அனுப்புகிற மெஷின்தான் சிபாப். மூக்கை மட்டும் மூடுகிற வகை. இதைப் போட ஆரம்பித்த பிறகு குறட்டை நின்றது, பகலில் தூக்கம் சொக்குவதும் நின்றது. ஆனால் காலையில் எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாயைத் திறந்தால் எனக்கே தாங்காத நாற்றம். வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்புறம் நான் செய்ததுதான் தப்பு. நடு ராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்க ஆரம்பித்தேன். குறட்டையும் மூச்சுத் தடையும் அப்படியே திரும்பி வந்தன.

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வாய் நாற்றத்துக்கு வழி இருக்கிறது. கவனிக்காமல் விட்ட ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் இந்த நோயோ, ரத்த அழுத்தத்தை ஏற்றும், வண்டி ஓட்டும்போது கண்ணை மூட வைக்கும்.

சரி, நாற்றம் எங்கிருந்து வருகிறது? மெஷின் அழுத்தத்தோடு அனுப்புகிற காற்றுதான் தொண்டை அடைபடாமல் தாங்கிப் பிடிக்கிறது. தூக்கத்தில் வாய் திறந்துகொண்டால் அந்தக் காற்று வாய் வழியாக வெளியே ஓடும். தூங்கும்போது எச்சில் இயல்பாகவே குறைவாகத்தான் சுரக்கும். அதன்மேல் மணிக்கணக்காகக் காற்று வீசினால், கொடியில் போட்ட துணி மாதிரி நாக்கு காய்ந்துவிடும். நாக்கின் பின்பகுதியில் ஆக்சிஜன் இல்லாத இடுக்குகளில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் கொண்டாட்டம். உதிர்ந்த செல்களையும் உணவுத் துணுக்குகளையும் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளிவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் ஒன்று, அழுகிய முட்டையில் வருகிற அதே நாற்றம். எச்சில் ஓடிக்கொண்டிருந்தால் இதையெல்லாம் கழுவிவிடும். வறண்ட வாயில் கழுவ ஆளில்லை.

ஆனால் நாற்றம் எப்போதும் வாயிலிருந்துதான் வரும் என்று சொல்ல முடியாது. இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. படுக்கும் முன் மாஸ்க்கைப் போடாமல் மெஷினை ஓடவிட்டு, வருகிற காற்றை முகர்ந்து பாருங்கள். அதிலேயே வாடை இருந்தால் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்ப் பெட்டி (ஹியூமிடிஃபையர்), ட்யூப், ஃபில்டர் மூன்றையும் பார்க்க வேண்டும். மீந்த தண்ணீரை தினமும் காலையில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் காய வையுங்கள். மாஸ்க்கில் முகத்தில் படும் பகுதியை தினமும், ட்யூபை வாரம் ஒருமுறை, மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்துக் கழுவினால் போதும். பெட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் நல்லது, உப்புப் படியாது. வாசனைக்காக எண்ணெயோ மௌத்வாஷோ ஒரு சொட்டுகூட அதில் விடாதீர்கள், அது நேராக நுரையீரலுக்குப் போகும். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்கிறோம் என்று விற்கிற கருவிகளும் வேண்டாம். அப்போது அவை முறையான அனுமதி இல்லாமல் விற்கப்பட்டன என்று, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2020-ல் எச்சரித்தது.

எனக்கு மெஷின் காற்றில் வாடையே இல்லை. கடைசியில் பார்த்தால் காரணம் மூக்கு. ராத்திரியில் மூக்கு அடைத்துக்கொள்ளும், அதனால் வாய் திறக்கும். அதற்காக நான் போட்டுக்கொண்டிருந்த அலர்ஜி மாத்திரை வாயை இன்னும் காய வைத்தது. டாக்டர் மாத்திரையை மாற்றினார், ஹியூமிடிஃபையரைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். கூட்டினதும் ட்யூபுக்குள் தண்ணீர் கோத்து முகத்தில் தெறித்தது. உள்ளே ஈரக் காற்று, வெளியே அறை குளிர், அதனால்தான். ட்யூபைப் போர்வைக்குள் விட்டதும் நின்றுவிட்டது. சூடேறும் ட்யூபும் கிடைக்கிறது. படுக்கும் முன் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுகிறேன். இதற்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்கக் கூடாது, கொதிக்க வைத்து ஆறின தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோதான்.

மூக்கு சரியாக இருந்தும் வாய் திறக்கிறது என்றால், தாடையைத் தாங்கும் பட்டை சிலருக்கு உதவும். இல்லையென்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறலாம். வாயில் டேப் ஒட்டுவதை மட்டும் நீங்களாகவே முயற்சி செய்யாதீர்கள். மூக்கு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ ஆபத்து. அழுத்தம் அதிகமாக இருப்பதும் ஒரு காரணமாகலாம், ஆனால் அதை மாற்ற வேண்டியவர் டாக்டர்.

வாய்க்கு நான் செய்வது கொஞ்சம்தான். காலையில் மட்டும் நாக்கு வழித்த காலம் போய், இப்போது மாஸ்க் போடுவதற்கு முன்பும் வழிக்கிறேன், பின்பகுதி வரை. பல் இடுக்குகளுக்கு ஃப்ளாஸ். ஆல்கஹால் கலந்த மௌத்வாஷை விட்டுவிட்டேன், அது வாயை இன்னும் உலர்த்தும்.

இத்தனையும் செய்து, காலையில் வாய் ஈரமாகவே இருந்தும் நாற்றம் போகவில்லையா? பல் டாக்டரிடம் போங்கள். ஈறு நோயாக இருக்கலாம், டான்சிலில் தங்கும் வெள்ளைக் கட்டிகளாக இருக்கலாம். ராத்திரியில் மெஷின் போடுகிறேன் என்று அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.

தூக்க டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது, "காலையில் வாய் காய்ந்து நாறுகிறது, லீக் எவ்வளவு என்று பாருங்கள்" என்று கேளுங்கள். இப்போதைய மெஷின்களில் பெரும்பாலானவை எந்த ராத்திரி எவ்வளவு காற்று கசிந்தது என்று பதிந்து வைக்கும். நாலு மாதமும் என் மெஷினில் அந்தக் கணக்கு இருந்தது, நான்தான் கேட்கவில்லை.