ஒரு மடி இரவல்

வணக்கம் நேயர்களே. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற ஒரு தாயாக உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். பிள்ளைப்பேறு, காதுகுத்து, குழந்தைக்கு எடுக்க வேண்டிய பத்திரங்கள் என்று மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் நேரம் போதுமா என்பது போகப் போகத் தெரியும்.

நான் மதுரைப் பக்கத்துப் பெண். வீட்டுக்காரருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. அப்படித்தான் மலேசியாவின் பினாங்குக்கு வந்தோம். வெளிநாடு போனவள் என்றால் ஊரில் எல்லோரும் கேட்பது சம்பளம், வாடகை, அரிசி பருப்பு கிடைக்கிறதா என்பதுதான். பினாங்கில் அரிசி பருப்புக்கு என்ன குறை? லெபோ பாசார் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தால் சுண்டைக்காய் வற்றல் முதல் கோலமாவு வரை பையில் இருக்கும்.

எனக்கு வந்த சிக்கல் வேறு. நம் வீடுகளில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் இன்னார் இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. வளையல் அடுக்க நாத்தனார். பத்தியம் ஆக்க அம்மா. காது குத்த மாமன் மடி. சடங்குக்குத் தண்ணீர் ஊற்ற அத்தை. ஊரில் இருக்கிறவரைக்கும் இதெல்லாம் ஒரு இடம் என்றே நமக்குத் தோன்றாது. ஆள் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார், சாப்பாட்டில் உப்பு இல்லை என்று குறைகூடச் சொல்லிக்கொண்டிருப்பார். கடல் தாண்டி வந்தால் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. இன்றைக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இந்தக் காலி இடத்தைப் பற்றித்தான்.

முதலில் பிள்ளைப்பேறு. என் அம்மா வந்தார். பெருங்காயம், சுக்கு, ஓமம், கண்டந்திப்பிலி என்று ஒரு பெட்டி நிறையச் சாமான்களோடு, இந்த ஊரில் எதுவுமே இருக்காது என்ற முடிவோடு வந்தார். எதிர் வீட்டு அக்கா அவரை பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, கூட்டிப்போனார். தொட்டியில் உயிரோடு நெளிந்த ஹாருவானைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "அடியே, நம்ம கண்மாய் விராலுடி!" அறுவை செய்துகொண்ட பெண்ணுக்குப் புண் ஆற இங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ஆக்கிக் கொடுப்பது அந்த மீனைத்தான். பால் சுறாப் புட்டுக்கும் பஞ்சமில்லை. ஒரு மலாய்க்கார அம்மா வந்து உடம்பு பிடித்துவிட்டு, வயிற்றைச் சுற்றி நீளத் துணியால் பெங்கோங் கட்டிவிட்டுப் போனார். "எங்க அப்பத்தா காலத்துல சேலையக் கிழிச்சு இப்படித்தான் கட்டுவாங்க, நாமதான் விட்டுட்டோம்" என்றார் அம்மா.

விசா முடிந்து அம்மா விமானம் ஏறிய மறுநாள் காலை நான் அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். எதிர் வீட்டு அக்கா, கையில் பூண்டுக் குழம்புச் சட்டி. "அம்மா போயிட்டா என்ன, பச்ச உடம்புக்காரி அடுப்புல நிக்கலாமா? உக்காரு" என்றார். நான் கேட்கவில்லை. இடம் காலியாகிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, வந்துவிட்டார்.

அவருடைய மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியவர். 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. அந்தப் பாட்டிக்குப் பேறுகாலம் பார்க்கத் தாய் வரவே இல்லை. கடிதம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை குப்புறப் படுத்துவிடும் என்பார். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டில் பக்கத்து வாசல்காரி பத்தியம் ஆக்கினாராம். ஆக, எதிர் வீட்டு அக்காவுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் தேட வேண்டியதில்லை.

சரி, இப்போது காதுகுத்து. இதைப் பேசத்தான் நான் வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக நேர்ந்திருந்தோம். ஊருக்குப் போவது தள்ளிக்கொண்டே போனது. விடுப்பு கிடைத்தால் டிக்கெட் கிடைக்காது, டிக்கெட் கிடைத்தால் பிள்ளைக்குக் காய்ச்சல். கடைசியில் மாமியாரே போனில் ஒரு வழி சொன்னார். மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வை, குலதெய்வத்திடம் நான் சொல்லிக்கொள்கிறேன், மொட்டையை அங்கே முருகனுக்குப் போடு என்றார். பினாங்கில் முருகனுக்கா பஞ்சம்! தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி இருக்கிறார். 2012இல் மேலே புதுக்கோயில் கட்டிக் குடமுழுக்கு செய்தார்களே, அதற்குப் பிறகு 513 படி. ஏறியவர்களுக்குத் தெரியும், குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டால் படி இன்னும் கூடிவிடும்.

மொட்டைக்கு வழி பிறந்தது. காதுக்கு? மாமன் மடி வேண்டுமே. என் தம்பி மதுரையில். புதிதாகக் கடை வைத்த நேரம், கடையைப் பூட்டிவிட்டு வர முடியாது. அப்போது விசா எடுக்க வேண்டும், கோலாலம்பூரில் விமானம் மாற வேண்டும். வீட்டுக்காரர், "அப்பாவே மடியில வச்சுக்கிட்டா காது குத்தாதா?" என்றார். குத்தும். ஆனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இதற்கு என்னிடம் தர்க்கம் கிடையாது. பெற்ற அப்பன் தன் பிள்ளைக்குத் தானே சீர் வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம், சொல்லுங்கள்.

எதிர் வீட்டு அக்காவிடம் புலம்பினேன். அவர் உள்ளே திரும்பி, "ஏங்க, நாத்திக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கா?" என்றார். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அவர் கணவர் தலையைத் தூக்காமலே, "இதுக்குப் போய் யோசிப்பாங்களா லா? என் தங்கச்சி மக, நான் உக்காந்துக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு அண்ணன் கிடைத்துவிட்டார்.

மதுரையில் பூகம்பம். "யக்கா, நான் உசுரோட இருக்கும்போது வேற ஒருத்தர் மடியா?" என்று போனை வைத்தவன் சில நாள் பேசவே இல்லை. அம்மாதான் சமாதானம் செய்தார். தோடு தம்பி அனுப்புவது, மடி அண்ணன் தருவது, தம்பி கணினியில் வந்து உட்கார்ந்துகொள்வது என்று ஒப்பந்தமானது. தோடு வந்தது, மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு ஒரே பையில்.

அடுத்த சண்டை நல்ல நேரத்துக்கு. அம்மா மதுரை நாட்காட்டியைப் பார்த்து ஒரு நேரம் குறித்தார். அக்கா வீட்டு நாட்காட்டி வேறு நேரம் சொன்னது. இரண்டு ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அதுவும் சூரியனைக் கேட்டு வைத்த கணக்கு இல்லை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால்தான் இங்கே ஏழு மணி தாண்டியும் பொழுது சரியாக விடிவதில்லை, பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். அந்த இருட்டைப் பற்றித் தனியாகவே ஒரு உரை பேசலாம், இப்போது வேண்டாம். கடைசியில் அண்ணன்தான் தீர்ப்புச் சொன்னார்: "பிள்ளை காது இங்க இருக்கு, இந்த ஊர் நேரம் பாருங்க."

அன்றைக்கு ஒன்பது மணிக்கு ஆசாரி வந்துவிட்டார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, அண்ணன் எடுத்துக் கொடுத்த பட்டுப் பாவாடை கட்டி, பிள்ளை அவர் மடியில். எதிரே முக்காலியில் மடிக்கணினி, ஸ்கைப்பில் தம்பி. இப்போது அந்த ஸ்கைப்பையே மூடிவிட்டார்கள். மதுரையில் அப்போது ஆறரை மணி. தம்பி குளிக்காமல், கலைந்த தலையோடு வந்து உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து அம்மா, "சீர் செய்ற மாமன் மூஞ்சியப் பாரு" என்று திட்டியது எல்லோருக்கும் கேட்டது. ஆசாரி, "எந்தக் காது முதல்ல?" என்றார். இங்கிருந்து அண்ணனும் அங்கிருந்து தம்பியும் ஒரே நேரத்தில், "பொம்பளைப் பிள்ளைக்கு இடதுதான்!" என்று கத்தினார்கள். இரண்டு மாமனும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அண்ணன் ஒரு கையால் பிள்ளையின் நெற்றியைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாட்டுச் சர்க்கரையை வாயில் வைத்தார். ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது. சரியாக அந்த நொடியில் இணையம் நின்றுபோய், திரையில் தம்பி வாயைத் திறந்தபடி உறைந்துவிட்டான். அழுத பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்ததே, இரண்டாவது காதை ஆசாரி அந்தச் சிரிப்பிலேயே முடித்துவிட்டார்.

நாங்கள் இரவல் கேட்டது ஒரு மடிதான். வந்து இறங்கியதோ மொத்த உறவுமுறையும். அவர் எனக்கு அண்ணன் என்றால் அக்கா எப்படி இனி அக்காவாக இருக்க முடியும்? அண்ணி ஆகிவிட்டார். என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை. அதனால் கார் பழுது பார்க்கக் கடன் கொடுக்கவும், அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்யவும் அவருக்கு உரிமை வந்துவிட்டது. எனக்கு அண்ணன் என்பதால் மதுரைக்காரனும் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறான், பல்லைக் கடித்துக்கொண்டு. தீபாவளிக்குப் புடவை வரும், பொங்கலுக்குக் கரும்பு வரும். வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ள வேண்டும் என்ற வேலையும் எனக்குச் சேர்ந்தது.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் இரண்டு வகை ஆட்கள் இருப்பீர்கள். என்னைப் போலப் புதிதாக வந்தவர்கள், "முன்பின் தெரியாதவர்களிடம் இதை எப்படிக் கேட்பது" என்று இருப்பீர்கள். தலைமுறையாக இங்கே இருப்பவர்கள், "ஊர்க்காரங்க நம்மளக் கூப்பிட மாட்டேங்கிறாங்களே" என்று இருப்பீர்கள். இரண்டு பேச்சையும் நான் லிப்டிலேயே கேட்டிருக்கிறேன், ஒரே அடுக்குமாடியில். கேளுங்கள் என்கிறேன். காதுகுத்துக்கு ஒரு மடி, வளைகாப்புக்கு இரண்டு கை. மறுத்துச் சொல்லி நான் இன்னும் ஒருவரையும் பார்க்கவில்லை. தலைமுறையாக இங்கே இருப்பவர்களும், புதிதாக வந்தவர்கள் வாய் திறந்து கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு சட்டிக் குழம்பு போதும்.

இந்த ஆண்டு மகள் பெரியவள் ஆனாள். இப்போது காலம் மாறிவிட்டது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம். 2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம். தம்பி சீர்த்தட்டோடு வந்தே விட்டான். முதல் தட்டு யாருடையது? அண்ணி வாசலில் நின்று, "மூத்த மாமன் இருக்கையில இளைய மாமனா?" என்றார். தம்பி என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவனே ஒதுங்கி, "நீங்க வைங்கண்ணே" என்றான். அந்தக் கதையை விரிவாகச் சொல்ல ஆசைதான், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிறது என்று விரலைக் காட்டுகிறார்கள்.

பத்திரம்! அதைச் சொல்லாமல் போனால் என் பையில் இருக்கும் குறிப்பே என்னைத் திட்டும். வேகமாகச் சொல்கிறேன். அப்பா அம்மா இருவரும் இந்தியக் குடிமக்கள், குழந்தை இங்கே பிறக்கிறது என்றால் அது மலேசியக் குடியுரிமை ஆகிவிடாது. 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பிறப்பைப் பதிய வேண்டும். அப்புறம் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். வருடம் தாண்டினால் டெல்லியின் அனுமதி கேட்டு அலைய நேரும். பாஸ்போர்ட் அதற்குப் பிறகு, குடிநுழைவுத் துறையில் குழந்தை இங்கே தங்குவதற்கான பாஸ் அதற்கும் பிறகு. மலாய்ச் சான்றிதழில் இருக்கும் பெயர் எழுத்தும் உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று முகப்பிலேயே நின்று பார்த்துவிடுங்கள், வீட்டுக்கு வந்து பார்க்காதீர்கள். பச்சை உடம்போடு வரிசையில் நிற்க வேண்டாம், அதற்கும் எதிர் வீட்டில் யாரையாவது... சரி சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.