மடிக்கணினி அவளிடம், கடவுச்சொல் கடைக்காரரிடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 'டிஜிட்டல் இடைவெளியைக் குறைக்க மாணவர்களுக்கு முதலில் தேவை கருவியா, பயிற்சியா?' என்பது தலைப்பு. பயிற்சிதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் 2017-18 தேசிய மாதிரி ஆய்வை எடுத்துக்காட்டினார். கணினி உள்ள வீடுகள் நகரத்தில் 23.4 சதவீதம், கிராமத்தில் வெறும் 4.4 சதவீதம். "தண்ணீர் இல்லாத குளத்தில் நீச்சல் பழக முடியுமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். சரி, அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கிராமங்களில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் கணினியை இயக்கத் தெரிந்தவர்கள் 9.9 சதவீதம். கணினி உள்ள வீட்டில் அத்தனை பேருக்கும் இயக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு எட்டாது. அப்படியென்றால் பலர் வீட்டில் கணினி இல்லாமலே, பள்ளியிலோ வேறெங்கோ பழகியிருக்கிறார்கள். குளம் ஊருக்குப் பொதுவாக இருந்தால் போதும் நண்பரே, கூட இறங்கிச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

கருவி கொடுத்துப் பார்க்காத மாநிலமா இது? 2011-ல் தொடங்கி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைத் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கியது. அது பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

பொறியியல் கலந்தாய்வு 2018-ல் இணையவழிக்கு மாறியது. அதற்கு அடுத்த ஆண்டு பிளஸ் டூ முடித்த ஒரு பெண். கையில் அரசு கொடுத்த மடிக்கணினி. விண்ணப்பம் போட்டதோ பிரவுசிங் சென்டரில். மின்னஞ்சல் தொடங்கியது கடைக்காரர். கடவுச்சொல் அவருடைய நோட்டில். விரும்பும் கல்லூரிகளின் வரிசையை இணையத்தில் உறுதிசெய்து பூட்ட வேண்டிய கடைசி நாள் இரவு, இரண்டு கல்லூரிகளை மேலே கீழே மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஓடினாள், கடை மூடியிருந்தது. ஷட்டருக்கு முன்னால் படியில், மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் விரும்பிய பாடப்பிரிவு கிடைக்கவில்லை. கடைக்காரர் மேல் தப்பில்லை, கேட்ட உதவியைத்தான் செய்தார். பன்னிரண்டு வருடப் படிப்பில் ஒருவரும் ஒரு கடவுச்சொல்லை உருவாக்கவும் மீட்கவும் அவளுக்குச் சொல்லித்தரவில்லையே, அதுதான் என் ஆற்றாமை.

"பிள்ளைகள் தானாகக் கற்றுக்கொள்வார்கள்" என்றார் எதிரணியின் இன்னொருவர். ரீல்ஸ் தள்ளத் தானாக வரும். சான்றிதழை ஸ்கேன் செய்து கேட்ட அளவுக்குச் சுருக்க வருமா? போலித் தளத்தின் முகவரியைப் பார்த்து ஒதுங்க வருமா? தமிழில் தட்டச்சு வருமா? 1999-லேயே அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும், புள்ளி தானே விழும். இதைக் காட்ட ஒரு பாடவேளை போதும். பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்கார்ந்தாலும் பழகலாம்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து புது மின்னஞ்சல் தொடங்கவைத்தேன். கடவுச்சொல் கேட்ட இடம் வந்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளே யோசித்து, அவளே தட்டினாள். மொத்தம் 20 நிமிடம் ஆனது.

நன்றி, வணக்கம்.