நாமா, நாங்களா?

நேயர்களுக்கு வணக்கம். அல்சூரில் சனிக்கிழமைதோறும் மொழிபெயர்ப்பு வகுப்பு எடுக்கிறேன். கன்னடத்திலிருந்து தமிழுக்கு. வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த பெங்களூரிலேயே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். "ரெண்டும் தெரியுமே மிஸ், அப்புறம் என்ன கஷ்டம்?" என்பார்கள் முதல் நாள்.

அந்த 'ரெண்டும் தெரியும்'தான் கஷ்டம். பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. எழுத்தை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றிவிடுகிறது. பிறகு 'மனெ' வரும். அங்கே அது வீடு. நமக்கு மனை என்றால் வாங்கிப்போட்ட காலி இடம். 'அனுமான' அங்கே சந்தேகம், இங்கே ஊகம். 'சம்சார' அங்கே குடும்பம், நமக்கோ பெண்டாட்டி. "அவருக்குப் பெரிய சம்சாரம்" என்று ஒரு பையன் எழுதிவிட்டான். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் அவன் வரவில்லை. அன்று நானும் சேர்ந்து சிரித்திருக்கக் கூடாது.

இன்னொரு பெண். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. சான்றிதழுக்காகச் சேர்ந்தவள், கடைசி வரிசை, கையில் எப்போதும் போன். ஒரு கதைப்பகுதி கொடுத்தேன். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிற மகள் வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். சாப்பிடும்போது அம்மா சொல்கிறாள்: "நாவு நாளெ ஊரிகெ ஹோக்தீவி."

நாளைக்கு ஊருக்குப் போகிறோம். சரி, யார்? நாமா, நாங்களா? கன்னடத்தில் இரண்டுக்கும் ஒரே 'நாவு'. தமிழில் எழுதுகிறவர் முடிவு செய்தே ஆகவேண்டும். 'நாம்' என்றால் மகளையும் கூட்டிப்போகிறாள். 'நாங்கள்' என்றால் விட்டுவிட்டுப் போகிறாள். கதையே வேறு.

அவள் 'நாம்' என்றாள், பக்கத்துப் பையன் 'நாங்கள்' என்றான். வாட்ச்மேன் சாவியோடு வந்து நிற்கும்வரை சண்டை. அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். "மிஸ், பஸ்ல மறுபடி படிச்சேன். முந்தின பத்தியில அந்தம்மா பெட்டியில தன் புடவையை மட்டும்தான் மடிச்சு வைக்கிறா. நாங்கள்தான்."

அதற்கப்புறம் அவள் சான்றிதழைப் பற்றிக் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று, அது இன்னும் அச்சாகவில்லை.

சாகித்ய அகாதெமி 1989 முதல் மொழிபெயர்ப்புக்கென்றே பரிசு தருகிறது. நானும் அதைச் சொல்லி ஆசை காட்டியிருக்கிறேன். ஒருவர்கூட அதற்காக வீட்டுப்பாடம் செய்ததில்லை. நாமா நாங்களா என்று கேளுங்கள், செய்வார்கள்.

அகராதி பார்ப்பது பற்றி, போனில் வரும் மொழிபெயர்ப்பு பற்றியெல்லாம் குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். அந்த ஒற்றை வரியைப் போனிலும் போட்டுப் பார்த்தோம். 'நாங்கள்' என்றது. சரியான விடைதான், புடவையைப் பார்க்காமலே சொன்னது. நன்றி, வணக்கம்.