வெள்ளை அட்டையை எப்படி எண்ணுகிறார்கள்?

[காட்சி: பாக் நீரிணையின் ஆழமற்ற நீர், கடற்புல், சேற்று மணல்]

மணலோடு மணலாகக் கிடக்கும் இந்த உயிரினத்தின் பெயர் வெள்ளை அட்டை. கடல் அட்டைகளில் ஓர் இனம். மணலை விழுங்கி, அதிலுள்ள சத்தைச் செரித்துக்கொண்டு, மீதியை வெளியே தள்ளும். அவித்துக் காய வைத்தால் சீனச் சந்தையில் பெரிய விலை போகும்.

இந்தியா 2001இல் எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அன்றிலிருந்து பிடிப்பது குற்றம். இலங்கையில் உரிமம் பெற்றவர் பிடிக்கலாம். எது சரி என்று வாதாடும் முன் ஒன்று தெரிய வேண்டும்: கடலடியில் இப்போது எத்தனை இருக்கின்றன?

கரைக்கு வரும் எடையைப் பார்த்தால் போதாதா? போதாது. ஓரிடம் காலியானதும் படகு அடுத்த இடத்துக்குப் போகும், குளியாளி இன்னும் ஆழத்துக்கு இறங்குவார், கரைக்கு வரும் எடை குறையாது. அது குறையத் தொடங்கும்போது பெரும்பாலான இடங்கள் வெறுமையாகியிருக்கும். ஆகவே நீருக்குள் இறங்கித்தான் எண்ண வேண்டும்.

[காட்சி: கடலடியில் அளவு நாடா விரிகிறது]

100 மீட்டர் நாடாவை விரித்து, அதன் இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்குள் கிடப்பவற்றை எண்ணுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்த்த பரப்பு 200 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். அப்படியானால் அந்தப் பட்டையில் காணும் ஒரே ஓர் அட்டை, கணக்கில் ஹெக்டேருக்கு 50 ஆகிறது!

இது ஏன் முக்கியம்? ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரில் விடுகின்றன. அவை அருகருகே இருந்தால்தான் கருவுறும். ஹெக்டேருக்கு 10 முதல் 50 வரை என்ற எல்லைக்குக் கீழே போனால் இனப்பெருக்கமே தடைபடலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒன்றைக் காணத் தவறினால் தீர்ப்பே மாறிவிடும். ஹெக்டேருக்கு 10 மட்டுமே இருக்கும் இடத்தில், ஒன்றைக் காணவே சராசரியாக ஐந்து பட்டைகள் நீந்த வேண்டும். அதனால் இரண்டு மூன்று இடங்களில் பார்த்துவிட்டு “அட்டை அழிந்துவிட்டது” என்றோ “நிறைய இருக்கிறது” என்றோ சொல்பவரை நான் நம்புவதில்லை.

வெள்ளை அட்டை நாளின் ஒரு பகுதியை மணலுக்குள் புதைந்தே கழிக்கிறது. காலையில் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் அந்தியில் பல கிடக்கலாம். நீளத்தை அளப்பதும் எளிதல்ல. கையில் எடுத்ததும் உடலைச் சுருக்கிக்கொள்ளும். தொடுவதற்கு முன்பே, கிடந்த நிலையிலேயே நீளத்தையும் அகலத்தையும் அளப்பது நல்லது.

[காட்சி: வரைபடம், டாரஸ் நீரிணை]

ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூ கினிக்கும் இடையே உள்ள டாரஸ் நீரிணையின் வாரியர் பவளத்திட்டிலும் இதே வெள்ளை அட்டைதான். அளவு மீறிப் பிடித்ததால் இருப்பு சரிந்தது. 1998இல் ஆஸ்திரேலியா அங்கே இந்த அட்டையைப் பிடிப்பதை நிறுத்தியது. பிறகு திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தும், 20 ஆண்டுகள் கழிந்தும் மீண்டும் பிடிக்க அனுமதிக்கும் அளவுக்கு இருப்பு மீளவில்லை. அதே நீரிணையில் 2003இல் பிடிப்பதை நிறுத்திய வேறோர் அட்டை இனம் மீண்டு வந்தது கணக்கெடுப்பில் தெரிந்ததால், 2014இல் அதைப் பிடிக்கச் சிறு அளவில் அனுமதித்தார்கள். எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் ஓர் இனத்துக்குப் பொறுத்திருக்கவும் இன்னோர் இனத்தைப் பிடிக்க அனுமதிக்கவும் முடிந்தது.

[காட்சி: மீண்டும் பாக் நீரிணை]

வெள்ளை அட்டையின் இளம் உயிரிகள் ஏறத்தாழ இரண்டு வாரம் நீரோட்டத்தில் மிதக்கும். கடல் எல்லைக்கோடு அவற்றுக்குத் தெரியாது. ஒரு கரையை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். இந்திய, இலங்கை ஆய்வாளர்கள் ஒரே மாதங்களில், ஒரே அகலப் பட்டைகளில், ஒரே நேர ஒழுங்கில் எண்ண வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அட்டை பிடித்து வாழ்ந்த குடும்பங்களையும் கூலி கொடுத்து அந்த வேலையில் சேர்க்க வேண்டும். எந்த நீர்மட்டத்தில் எது மேலே வரும் என்பதை அவர்களைவிட யார் அறிவார்? பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகளில் அட்டை பிடிக்கும் பருவம் தொடங்கும் முன் மீனவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்துதான் எண்ணினார்கள்.