தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

படைவீரர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்தால், "போர்க்களத்தில் என்னென்ன பார்த்தாரோ" என்றுதான் பேசிக்கொள்கிறோம். அது பல சமயம் உண்மையும்கூட. ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஆபத்தில் இருக்கும் பலரை நாம் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

அமெரிக்கப் படையினர் சுமார் ஒன்றரை லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. போர்முனைக்குப் போய்வந்தவர்களுக்குத் தற்கொலை ஆபத்து தனியாகக் கூடியதாக அதில் தெரியவில்லை. மனச்சோர்வு, மனது அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவ மனநோய், மிதமிஞ்சிய குடி, இவைதான் முன்னால் நின்றன. 2015இல் வந்த இன்னோர் ஆய்வில், நான்கு ஆண்டுகூட முடியாமல் படையைவிட்டு வெளியேறியவர்களின் ஆபத்து கூடுதலாக இருந்தது.

இதை யோசித்துப் பாருங்கள். படையில் இருப்பவருக்கு யூனிட்தான் உறவு. எழுவதும் உண்பதும் கூட்டமாக. ஒரு நாள் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறார். வீடோ அவர் இல்லாமலே நடக்கப் பழகிவிட்டது. "நான் யாருக்கும் வேண்டாதவன்" என்ற எண்ணம் அங்கே முளைக்கிறது. வேலை அமையவில்லை, உடம்பில் காயம் என்றால், "நான் இருப்பதே இவர்களுக்குப் பாரம்" என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் 2005இல் முன்வைத்த கோட்பாடு இந்த இரண்டு எண்ணங்களையும் மையமாக வைத்தது. வலிக்கும் சாவுக்கும் அஞ்சாத பழக்கம் இவற்றோடு சேரும்போதுதான் பேராபத்து என்கிறார் அவர். அந்த அஞ்சாமையைத்தானே பயிற்சி முழுக்க வீரருக்குக் கற்றுத்தருகிறோம்! எனக்கு இதில் மனது கனத்துப்போகிறது.

குற்ற உணர்ச்சி இன்னொன்று. பக்கத்தில் நின்ற தோழன் போய்விட்டான், நான் மட்டும் ஏன் இருக்கிறேன் என்ற கேள்வி. செய்தது தவறு, தடுக்காமல் விட்டது தவறு என்று தன்னைத் தானே கூண்டில் ஏற்றிக்கொள்ளும் மனது. இது பயத்தால் வந்த காயம் அல்ல. அதனால் "தைரியமாக இரு" என்ற ஆறுதல் அங்கே எடுபடுவதில்லை.

சரி, வாய்விட்டுச் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் பதவி உயர்வு போய்விடும், கோழை என்பார்கள் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அதைப் போக்கவேண்டிய பொறுப்பு அதிகாரிகளுடையது, சிப்பாயுடையது அல்ல.

நீங்கள் தூக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். மனது சரியில்லை என்று சொல்லக் கூசுகிறவர்கூட, தூக்கம் வரவில்லை என்று சொல்லிவிடுவார். நாட்பட்ட தூக்கமின்மையும் ஓர் அபாய அறிகுறிதான். பிறகு நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

ஆம் என்று அவர் சொன்னால், "செய்யமாட்டேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபத்தில் இருந்த 97 அமெரிக்க வீரர்களில் ஒரு பகுதியினரிடம் அப்படி உறுதிமொழி வாங்கினார்கள். மற்றவர்களோடு உட்கார்ந்து ஒரு சிறு அட்டை எழுதினார்கள். மனது கலங்கத் தொடங்குவதை எப்படி அறிவேன், அப்போது என்ன செய்தால் அடங்கும், வாழ எனக்கென்ன காரணம், யாரைக் கூப்பிடுவேன், இவ்வளவுதான் அதில். ஆறு மாதத்தில் அட்டை எழுதியவர்களிடையே தற்கொலை முயற்சிகள் 76 சதவீதம் குறைவாக இருந்தன.

நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. அந்த நேரத்தில் ஆயுதம் கையில் இல்லாவிட்டால் உயிர் தப்ப வாய்ப்பு உண்டு. இஸ்ரேல் ராணுவம் 2006இல், வார இறுதி விடுப்பில் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச்செல்லும்படி செய்தது. அதன்பின் தற்கொலை விகிதம் சுமார் 40 சதவீதம் குறைந்தது.

ஆகவே அந்த நேரத்தில் அவரைத் தனியே விடாதீர்கள். ஆயுதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டாம். மனநல உதவி எண்ணை அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அழையுங்கள். மருத்துவரிடம் போகச் சொல்லி அனுப்பாமல், கூடவே போங்கள்.